தெரியாது என்பதற்கு என்ன எண்

"பிளவுஸ் தைக்கக் குடுக்கும்போது டெய்லர்கிட்ட என்ன மேடம் சொல்வீங்க?" என்று தமயந்தி கேட்டாள்.

வெள்ளத் தடுப்பு ஆணையராக நெடுங்கரைக்குப் புதிதாக வந்திருந்த வைதேகி இப்படி ஒரு கேள்வியை எதிர்பார்க்கவில்லை. ஏரியின் மதகுகள் தாமாகவே எப்படி முடிவெடுக்கின்றன என்றுதான் அவர் கேட்டிருந்தார். வெளியே மூன்றாம் நாளாக மழை கொட்டிக்கொண்டிருந்தது. பகல் வேளையிலும் கட்டுப்பாட்டு அறையில் விளக்கு போட்டிருந்தார்கள்.

"கை கொஞ்சம் லூசா இருக்கட்டும்னு சொல்வேன்."

"சரி. அவர் கழுத்துல தொங்குற டேப்புல 'கொஞ்சம்'னு ஒரு கோடு இருக்கா?"

வைதேகி சிரித்துவிட்டார். "இல்லை."

"டேப்புக்கு நம்பர்தான் புரியும். நீங்க குடுத்தது ஒரு வார்த்தை. நடுவுல டெய்லர் மனசுல ஒரு விதி இருக்கு, 'கொஞ்சம்'னா அரை இஞ்ச்னு. அவர் உங்ககிட்ட அதைக் கேக்கறதில்ல. பேசாம மாத்திக்கிறார்."

"எங்க டெய்லர் அதை மூணு இஞ்சுன்னு வெச்சிருக்கான்" என்றார் பக்கத்து மேசையிலிருந்த இஸ்மாயில். மதகுகளுக்குப் பொறுப்பான பொறியாளர் அவர். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். "அதான் நான் எப்பவும் ஷாமியானா மாதிரி நடந்து வரேன்."

"அந்த விதியைத்தான் மேடம் நாங்க எழுதுறோம்" என்று தமயந்தி உற்சாகமாகத் தொடர்ந்தாள். இதை விளக்கும்போதெல்லாம் அவளுக்குக் கைகள் தாமாகவே ஆடும். "மதகு டேப் மாதிரி. அது நம்பர் கேக்கும். நம்பர் இல்லாத எதையாவது குடுத்தா, சில கம்ப்யூட்டர் மொழிகள் 'முடியாது'ன்னு நின்னுடும். சிலது தன் இஷ்டத்துக்கு எதையோ நம்பராக்கிக்கும். நாங்க இதை வார்ப்புங்கிற மொழியில எழுதியிருக்கோம். அதுல எதை எப்படி எதுவா மாத்தணும்கிறதை எழுதுறவங்களே முடிவு பண்ணலாம்."

சுவரை அடைத்திருந்த திரையில் பெரிய ஏரி நீலமாகத் தெரிந்தது. அதிலிருந்து மூன்று கோடுகள் கடலை நோக்கி இறங்கின. வடக்கு வாய்க்கால், தெற்கு வாய்க்கால், நடுவில் பழைய கலிங்கல் ஓடை. ஏரி நிரம்பினால் ஏதாவது ஒரு வழியில் தண்ணீரை விட்டே ஆகவேண்டும், இல்லையென்றால் கரை உடைந்து ஊரே போய்விடும். எந்த வழியில் விட்டாலும் அந்தப் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் ஏறும். ஆகவே மதகு ஒவ்வொரு வழிக்கும் ஒரே ஒரு கேள்வி கேட்கும். அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள்? எந்த எண் சிறியதோ அந்த வழி திறக்கும்.

"எத்தனை பேர்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"மழைன்னா முதல்ல கரெண்ட்டை நிறுத்திடுவோம், கேமரா போயிடும். செல்போனை வெச்சு ஆள் எண்ணக் கூடாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. மிச்சம் இருக்கிறது வீட்டுக்கு வீடு இருக்கிற குழாய் கேஸ் மீட்டர்தான். அதுக்கு உள்ளேயே பேட்டரி இருக்கு. அடுப்பு எரிஞ்சா வீட்டுல ஆள் இருக்கு. எவ்வளவு நேரம் எரியுதுங்கிறதை வெச்சு எத்தனை பேருக்குச் சோறுன்னு கிட்டத்தட்ட சொல்லிடலாம்."

"எரியலைன்னா?"

"எரியலைன்னா மீட்டர் 'ஆள் இல்லை'ன்னு சொல்லாது மேடம். அது நேர்மையான மீட்டர். 'தெரியாது'ன்னுதான் சொல்லும். ஆனா மதகுக்கு நம்பர் வேணுமே? அங்கதான் நான் ஒரு வரி எழுதினேன். ரெண்டு வேளை அடுப்பு எரியாத வீட்டோட 'தெரியாது' பூஜ்யமா மாறிடும்."

"ஏன் பூஜ்யம்?"

"ரெண்டு வேளை சமைக்காம யாரு மேடம் வீட்டுல இருப்பா? காலி பண்ணச் சொல்லி மைக்ல அறிவிக்கிறோம். கிளம்பிட்டாங்கன்னா அடுப்பு நின்னுடும். காலியான தெருவை மதகு தானா கண்டுபிடிச்சு அது வழியாத் தண்ணியை அனுப்பும்." அவள் திரையின் கீழ்ப்பகுதியைக் காட்டினாள். அங்கே மூன்று வரிகள் இருந்தன. சென்ற ஆண்டுக்கு முந்தின ஆண்டு உயிரிழப்பு 0, சென்ற ஆண்டு 0, இந்த ஆண்டு 0. "ரெண்டு மழைக்காலம் தாண்டியாச்சு. ஒரு உயிர் போகலை."

அதைச் சொல்லும்போது அவள் குரல் தாழ்ந்து மென்மையானது. அந்தப் பூஜ்யங்களை அவள் வீட்டுச் சமையலறைக் கதவில்கூட ஒட்டி வைத்திருந்தாள்.

வைதேகி நடுக்கோட்டைக் காட்டினார். "இது என்ன, நாற்பதாயிரம் பேர்னு காட்டுது? கலிங்கல் ஓடை நம்ம வளாகம் வழியாத்தானே போகுது?"

"ஓடை மேலதான் மேடம் வளாகமே கட்டியிருக்கு" என்றார் இஸ்மாயில்.

"அது இன்னொரு விதி" என்றாள் தமயந்தி, சற்று வேகமாக. "அரசாணை. கட்டடத்தோட மதிப்பை ஆள் கணக்கா மாத்தணும். கீழ்த்தளத்துல இருக்கிற டேட்டா கூடத்தையும் சேர்த்து நாற்பதாயிரம் பேர்."

"நாற்பதாயிரம் பேர் இருக்கோம், கேன்டீன்ல டீதான் என்னிக்கும் பத்தறதில்ல" என்றார் இஸ்மாயில்.

தெற்கு வாய்க்கால்தான் இன்று மிகச் சிறிய எண். அதன் கரையில் பெரிய தெரு செக்கடித் தெரு. அந்தத் தெரு முழுவதும் காலையிலிருந்து இரண்டு வேளை அடுப்பு எரியவில்லை. மாலைக்குள் தெற்கு மதகு தானாகத் திறக்கும் என்று திரை சொன்னது.

வைதேகி போனில் பேசப் பக்கத்து அறைக்குப் போனார். தமயந்தி வழக்கம்போல அந்தத் தெருவின் அடுப்புகளை முதலிலிருந்து ஓடவிட்டுப் பார்த்தாள். அது யாரும் அவளுக்குக் கொடுத்த வேலையல்ல. ஊர் முழுக்கக் காலையில் அடுப்புகள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொள்வதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

பார்த்துக்கொண்டிருந்தவள் முகம் சுருங்கியது.

"பாய், இங்க வாங்களேன். ஒரு தெரு காலியாகும்போது அடுப்பு எப்படி நிக்கும்?"

"எப்படி நிக்கும்? நிக்கும்."

"இல்ல பாய். கிளம்புறதுக்கு முந்தி அதிகமா எரியும். புளிச்சோறு கிளறுவாங்க, குழந்தைக்கு வெந்நீர் வெச்சு பிளாஸ்க்ல ஊத்துவாங்க. அப்புறம் ஒரு வீடு, ரெண்டு வீடுன்னு அணையும். ரெண்டு வருஷமா எல்லாத் தெருவும் அப்படித்தான். இங்க பாருங்க. காலையில இட்லி வெக்கிற நேரத்துல, எல்லா வீட்டுலயும், பாதியில, ஒண்ணா அணைஞ்சிருக்கு."

"கேஸ் குழாய் ஏதாவது உடைஞ்சிருக்கும்."

"பக்கத்துத் தெருவுல எரியுதே?"

இஸ்மாயில் பதில் சொல்வதற்குள் வயர்லெஸ் கரகரத்தது. தெற்கு மதகில் காவலிருந்த மாசிலாமணி பேசினார். "சார், தெற்கு ஷட்டர்ல இருந்து மாசிலாமணி. மோட்டார் ரெடி சார். தண்ணி நல்லா கலங்கலா வருது."

அவர் குரலுக்குப் பின்னால், மழைச் சத்தத்தைத் தாண்டி, நீளமாக ஓர் ஒலி கேட்டது. அது நின்று, மறுபடி கேட்டது.

"மாசிலாமணி அண்ணே, பின்னாடி என்ன சத்தம்?"

"அதுங்களா மேடம், சங்கு. செக்கடித் தெருவுல ஒரு சாவு. காலையில இருந்து ஊதுறாங்க. மழை விடலைல்ல, எடுக்க முடியாம வெச்சிருக்காங்க போல."

தமயந்தி நாற்காலியின் பிடியைப் பற்றிக்கொண்டாள். சாவு விழுந்த தெருவில் பிணம் எடுக்கும்வரை யாரும் அடுப்பு மூட்டமாட்டார்கள். அவள் பிறந்த தெருவிலும் அப்படித்தான். சிறுவயதில் அப்படி ஒரு நாளில் பசியென்று அழுது அடி வாங்கியிருக்கிறாள். இதையெல்லாம் அறிந்த அதே தலைதான் அந்த ஒற்றை வரியையும் எழுதியது.

"பாய்... தெரு காலியா இல்ல. நெறைஞ்சிருக்கு. வெளியூர்ல இருந்து சொந்தக்காரங்க எல்லாம் வந்திருப்பாங்க. மத்த நாளைவிட ரெண்டு மடங்கு ஆள் இருக்கும்."

இஸ்மாயில் மெதுவாக மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எங்க பக்கம் மையத்து விழுந்தா, அந்த வீட்டுக்குச் சேர்த்துப் பக்கத்து வீட்டுலதான் ஆக்குவாங்க. அடுப்பு கூடத்தான் எரியும். ஒரே சாவு. ஒரு பக்கம் உன் மீட்டர் கூட்டிக் காட்டும், இன்னொரு பக்கம் பூஜ்யம் காட்டும்."

அப்போது திரையில் தெற்குக் கோடு சிவந்தது. ஏரியில் நீர் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறியிருந்தது. மதகு மாலைவரை காத்திருக்கவில்லை. வயர்லெஸ்ஸில் மோட்டார் முனகும் சத்தம் கேட்டது.

"அண்ணே! தெருவுக்கு ஓடுங்க. எல்லாரையும் மேடான இடத்துக்குப் போகச் சொல்லுங்க!"

"ஷட்டர் தானாத் தூக்குது மேடம்..."

"தெரியும். நீங்க ஓடுங்க!"

வைதேகி கதவைத் திறந்துகொண்டு வந்தார். தமயந்தி மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள்.

"மதகை நிறுத்த முடியாதா?"

"நிறுத்தினா கரை தாங்காது" என்றார் இஸ்மாயில். "கையால திருப்புற சக்கரத்தையெல்லாம் போன வருஷமே கழட்டிட்டாங்க மேடம். மனுஷன் யோசிச்சா தாமதம் ஆகுதாம். வேற பக்கம் திறக்கணும்னா நம்பர் மாறணும்."

"அந்தத் தெருவுல இப்ப எத்தனை பேர் இருக்காங்க?"

"தெரியாது மேடம்."

"தெரியாதுன்னு சொன்னா நான் எப்படிம்மா உத்தரவு போடுறது? பின்னாடி கேள்வி வரும். தோராயமாவாவது ஒரு நம்பர் சொல்லுங்க."

மதகு கேட்டதையேதான் இவரும் கேட்கிறார். அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. தமயந்தி விசைப்பலகையை இழுத்தாள். மதகுக்கு மட்டும் ஒரு புது விதி எழுதினாள். தெரியாத வீடு நிறைந்த வீடாக மாறும். நிரலை மறுவார்ப்புக்குக் கொடுத்தாள். ஊரின் எல்லா மதகுகளும் புதிய விதியை ஏற்றுக்கொள்ளச் சிறிது நேரம் பிடிக்கும். திரையில் ஒரு பட்டை நத்தை மாதிரி ஊர்ந்தது. மாசிலாமணியின் வயர்லெஸ் மதகிலேயே கிடந்தது போலிருக்கிறது. தண்ணீர் பாயும் சத்தம் மட்டும் அதில் வந்துகொண்டிருந்தது. சங்கு நின்றுவிட்டிருந்தது.

பட்டை முடிந்தது. தெற்கின் எண் குபீரென்று ஏறியது. சிவப்பு அங்கிருந்து விலகியது. வடக்கு வாய்க்கால் மஞ்சளாகியது. திறப்பதற்குத் தயாராகும் நிறம் அது.

"அது எங்க பக்கம்மா" என்றார் இஸ்மாயில், சாதாரணமாக, வழி கேட்டவருக்குச் சொல்வது போல. அவருடைய மகளும் பேரக் குழந்தைகளும் வடக்குக் கரையில்தான் இருந்தார்கள். அங்கே எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

தமயந்தி திரையைப் பார்த்தாள். தெற்கில் மனிதர்கள், வடக்கில் மனிதர்கள். நடுவில் நாற்பதாயிரம் பேர்.

"மேடம், இந்த வளாகத்துல நிஜமா இப்ப யாரு இருக்கா?"

"நாம மூணு பேர்" என்றார் வைதேகி. "கேட்ல வாட்ச்மேன். டேட்டா கூடத்துல ரெண்டு பசங்க."

"அந்தக் கட்டட விதியை எடுத்துட்டா தண்ணி இங்க வரும். கீழ்த்தளம் முழுசாப் போயிடும். நாம மொட்டை மாடிக்குப் போயிடலாம். ஆனா அது அரசாணை. நானா எடுக்க முடியாது."

வைதேகி அந்த அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கூரையில் புது வெள்ளை விளக்குகள். திறப்பு விழாவுக்குக் கட்டிய தோரணத்தின் ஒரு நூல் இன்னும் ஜன்னல் கம்பியில் தொங்கியது.

"என் வேலை போயிடும்ல?" என்று இஸ்மாயிலைக் கேட்டார்.

"போகலாம் மேடம். இல்ல, எங்கயாவது மழையே பெய்யாத ஊருக்கு மாத்தல் போடலாம்."

"எடுத்துடுங்க தமயந்தி. நான் சொன்னேன்னு எழுதிக்குங்க. பாய், வாட்ச்மேனையும் அந்தப் பசங்களையும் மேல கூப்பிடுங்க."

மறுபடி பட்டை ஊர்ந்தது. நாற்பதாயிரம், வாசல் பதிவேட்டில் இருந்த ஆறு பேராகச் சுருங்கியது. நடுக்கோடு சிவந்தது. கொஞ்ச நேரத்தில் கீழே கண்ணாடிகள் உடையும் சத்தம் கேட்டது. பழைய ஓடை தன் வழியைத் தேடி உள்ளே வந்தது.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு சேறு. கட்டுப்பாட்டு அறை மாடியில் இருந்ததால், பேட்டரியின் தயவில் திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. வைதேகி தொலைக்காட்சிக்காரர்களிடம் பேசக் கிளம்பிப் போயிருந்தார்.

செக்கடித் தெருச் செய்தியை மாசிலாமணியே நேரில் வந்து சொன்னார். குரல் கட்டியிருந்தது. "தண்ணி இடுப்பு வரைக்கும் வந்துடுச்சு மேடம். அப்புறம் என்னமோ சட்டுனு கொறைஞ்சுது. செத்தவர் பேரு மாடக்கண்ணு. பெஞ்சோட தூக்கிப் பள்ளிக்கூட மாடியில வெச்சிட்டோம். மகன்காரன் தலைமாட்டை விடவே இல்ல. எல்லாரும் ஏறிட்டாங்க."

"எல்லாரும்?"

"தெரு ஆளுங்க எல்லாரும் ஏறிட்டாங்க."

அவர் சொன்னதில் இருந்த வித்தியாசம் வாசலில் ஒருவர் வந்து நின்ற பிறகுதான் தமயந்திக்குப் புரிந்தது. வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். வேட்டியெல்லாம் சேறு. பெயர் சாத்தையா என்றார்.

"இங்க கேட்டா தெரியும்னாங்க. எங்க சின்னம்மா, சோலையம்மா. மாடக்கண்ணு மாமாவுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. சாவுக்குத் துட்டி கேக்கப் போறேன்னு நேத்துக் காலையில பஸ் ஏறினாங்க. இன்னும் வீடு வந்து சேரல."

"தெருவுல விசாரிச்சீங்களா?" என்று இஸ்மாயில் கேட்டார்.

"விசாரிச்சேன் சார். அவங்களை அங்க யாருக்கும் அவ்வளவாப் பழக்கம் இல்ல. ஒருத்தர் வந்தாப்ல இருந்துச்சுங்கிறார். ஒருத்தர் தண்ணிக்கு முந்தியே கிளம்பிட்டாங்கங்கிறார். யாரும் உறுதியாச் சொல்லல." திரையைக் கையால் காட்டினார். "ஆனா பஸ் ஸ்டாண்டு போர்டுலயும் இதையேதான் போட்டிருக்கு. உயிரிழப்பு பூஜ்யம்னு. டிவியிலயும் அந்த அம்மா சொன்னாங்க. அதைப் பாத்து நான் சந்தோஷப்படலாமா? அதைத்தான் கேக்க வந்தேன்."

தமயந்தி அவரை உட்காரச் சொன்னாள். அந்தப் பூஜ்யம் எங்கிருந்து வருகிறது என்று தோண்டினாள். தெருவில் விசாரித்த வருவாய் ஆய்வாளர் நேர்மையாகத்தான் பதிந்திருந்தார். உயிரிழந்தவர், காணாமற்போனவர்: தெரியாது. ஆனால் அறிவிப்புப் பலகையின் கட்டமும் மதகைப் போலத்தான். அதற்கும் எண் வேண்டும். பலகைக்கு நிரல் எழுதியவர் யாரோ வேறு ஆள். அவர் புதிதாக ஒன்றும் யோசிக்கவில்லை. எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று தமயந்தி பொதுவில் வைத்திருந்த, 'தெரியாது' பூஜ்யமாகும் விதியை எடுத்துப் பொருத்தியிருந்தார். நேற்று அவள் மதகுக்கு மட்டும்தான் புது விதி எழுதினாள். பொதுவில் இருந்தது அப்படியே இருந்தது.

"என்னம்மா?" என்றார் இஸ்மாயில்.

"என் விதிதான் பாய். அவங்க சின்னம்மாவையும் அது பூஜ்யமா மாத்திடுச்சு."

"அதை அழிச்சா?"

"இன்னிக்குப் போட்டிருக்கிற பூஜ்யம் போயிடும். மேடத்துக்குச் சங்கடம். ஏற்கெனவே பேட்டி குடுத்துட்டாங்க."

இஸ்மாயில் சாத்தையாவைப் பார்த்தார். பிறகு தமயந்தியிடம், "சங்கடப்படட்டும்" என்றார்.

அவள் அந்த வரியை அழித்தாள். அதற்குப் பதிலாக எதையும் எழுதவில்லை. இனி எந்தக் கட்டமாவது எண் கேட்டு, எண் கிடைக்காமல் போனால், வந்த சொல்லையே காட்டிக்கொண்டு நிற்கட்டும். யாராவது போய் விசாரித்து வரட்டும்.

பட்டை ஊர்ந்து முடிந்தது. திரையின் கீழே இந்த ஆண்டின் பூஜ்யம் மறைந்து, அந்த இடத்தில் 'தெரியாது' வந்தது.

சாத்தையா தலையசைத்தார். சந்தோஷப்பட வேண்டாம், தேட வேண்டும் என்று அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

அதற்குள் சென்ற ஆண்டின் வரியும் மாறியது. பூஜ்யம் போய் 'தெரியாது'. அடுத்து அதற்கு முந்தின ஆண்டு. அதுவும் 'தெரியாது'.

தமயந்தி இதை எதிர்பார்க்கவில்லை. இரண்டு மழைக்காலங்களிலும் யாரோ ஓர் ஆய்வாளர் எங்கோ ஒரு தெருவில் விசாரித்து, விடை கிடைக்காமல், உள்ளதை உள்ளபடி பதிந்துவிட்டுப் போயிருக்கிறார். யாரும் திரும்பிக் கேட்கவில்லை. பூஜ்யத்தைப் பார்த்த பிறகு கேட்க என்ன இருக்கிறது?

வாசல்வரை போன சாத்தையா திரும்பிப் பார்த்தார். மூன்று வரிகளையும் விரலால் எண்ணினார். "கடைசி வரி எங்க சின்னம்மா" என்றார். "மேல இருக்கிற ரெண்டும் யாரும்மா?"

தமயந்தியிடம் அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. இந்த முறை அதை எதுவாகவும் மாற்றாமல் சொன்னாள்.